தம்பியின் குதிரைக்கு மூன்று ஓட்டங்கள்

பெட்ரோலுக்கு நாடு முழுக்க வரிசை நின்ற வருடத்தில் என் தம்பி வளைகுடாவுக்குப் போனான். குதிரை பார்க்கிற வேலை. கொட்டாஞ்சேனையில் நான்காம் மாடி வீட்டில் வளர்ந்தவனுக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஓ லெவலில் கணக்குப் பாடம் பெயிலான வருடம், நுவரெலியாவில் ஏப்ரல் ஓட்டத்துக்கு வரும் குதிரைகளைக் கழுவ ஆள் வேண்டும் என்று யாரோ அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு கிழமை, பதினான்கு நாள் வேலைதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏப்ரலும் போனான். மற்ற மாதங்களில் கொலன்னாவையில் எண்ணெய் ஏற்றும் பவுசர் லொறிகளைக் கழுவினான். “பவுசர் மூச்சு விடுறதில்ல அக்கா, அதுதான் பிரச்சினை” என்பான்.

அவன் போன பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மாவுக்கு அதற்கு முந்திய வருடம் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை நடப்பார். நான் வெள்ளவத்தையில் ஒரு பல் கிளினிக்கில் ரிசெப்ஷனில் இருக்கிறேன். காலையில் சோறு சமைத்து மூடி வைத்துவிட்டு பஸ் ஏறினால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு.

இரண்டாம் வருடம் அவனிடம் ஒரு குட்டியை ஒப்படைத்தார்கள். இரண்டு வயது, செம்பழுப்பு நிறம், பின்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை. சாதிக் குதிரை, அதன் தகப்பன் பெரிய ஓட்டங்களை வென்றதாம். தினமும் அதன் வீடியோதான் வரும். அது தண்ணீர் குடிப்பது, மணலில் புரள்வது, தம்பியின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்பது. அம்மா அதை ‘எங்கட குதிரை’ என்று சொல்லத் தொடங்கினார்.

மூன்று வயதாகும்போதுதான் ஒரு குதிரையின் தலையெழுத்து தெரியவரும் என்று தம்பி சொன்னான். மார்ச் கடைசியில் பெரிய ஓட்டம். அதற்கு முன்னால் ஜனவரியில் இருந்து மூன்று ஓட்டங்கள், ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் தூரம் கூட. ஒவ்வொன்றிலும் சில குதிரைகள் கழிந்துபோகும்.

“மூண்டு டேர்ம் சோதினை மாதிரி அக்கா. மூண்டும் பாஸ் பண்ணினாத்தான் பெரிய சோதினை.”

அம்மா போனைத் தன் பக்கம் இழுத்தார். “நீயும் டிவியில தெரிவியா?”

“ஓம் அம்மா. ஓட முதல் குதிரையளச் சுத்தி நடத்திக் காட்டுவாங்க. கயிறு பிடிச்சு நடக்கிறது நான்தான்.”

அதற்குப் பிறகு அம்மாவுக்கு வேறு பேச்சில்லை. “போன்ல மூஞ்சி மட்டும்தானே வருது. நடக்கிறதப் பாக்க வேணும்” என்றார். மகன் நடந்துபோவதை அவர் பார்த்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

முதல் ஓட்டத்தன்று அவன் அனுப்பிய லிங்க் இங்கே திறக்கவில்லை. கிளினிக்கில் இருந்து நான்கு கடை தள்ளி, காலி வீதியில், குதிரைக்குப் பந்தயம் கட்டுகிற புக்கிக் கடை ஒன்று இருக்கிறது. ஒன்பது வருடமாக அதைக் கடந்து போயிருக்கிறேன், திரைக்கு உள்ளே எட்டிப்பார்த்ததில்லை. அன்று ஆறரை மணிக்குத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். இருபது இருபத்தைந்து ஆண்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் சிங்களத்தில், “மொனவத ஓனே மிஸ்?” என்று கேட்டார். என்ன வேண்டும் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. டிவி பார்க்க வேண்டும் என்றேன். யாரோ சிரித்தார்கள். வயதான ஒருவர் எழுந்து தன் பிளாஸ்டிக் கதிரையை எனக்குத் தந்தார்.

“எந்தக் குதிரைக்கு வைக்கப்போறீங்க?”

“வைக்க வரல்ல. ஒரு குதிரைய நடத்திட்டு வாறது என்ட தம்பி. அவரப் பாக்கத்தான் வந்தனான்.”

அவர் அதை மற்றவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. குதிரைகள் வட்டத்தில் நடக்கத் தொடங்கியபோது, “இதுவா? இதுவா?” என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார்கள். தம்பி வந்தான். சாம்பல் நிறத் தொப்பி, கறுப்புச் சப்பாத்து, குதிரையின் கழுத்தோடு ஒட்டி நடந்தான். போனில் வீடியோ பிடித்தேன். எட்டு செக்கன்தான். பிறகு கமரா வேறு குதிரைக்குப் போய்விட்டது.

அந்த ஓட்டத்தில் எங்கள் குதிரை வென்றது. கடையில் பாதிப் பேர் அதன் மேல் கட்டாமலே கை தட்டினார்கள். நானும் கத்தினேன். நாற்பத்தொரு வயதில், முன்பின் தெரியாத ஆண்கள் நடுவில் நின்று கத்தினேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அம்மா அந்த எட்டு செக்கனை அன்றிரவு எத்தனை தரம் பார்த்தார் என்று தெரியாது. “மெலிஞ்சிட்டான்” என்றார். “நடை மாறல்ல” என்றார். அடுத்த நாள் தம்பியிடம், “நீ ஒருக்காக் கூட கமராவப் பாக்கல்லையே” என்று குறைப்பட்டார். “அடுத்த முறை தொப்பியத் தொடுறன் அம்மா, உங்களுக்குத்தான்” என்றான்.

இரண்டாவது ஓட்டம் பெப்ரவரி முதல் சனிக்கிழமை. அதற்குள் ஓட்டத்தை வீட்டிலேயே போனில் பார்க்க ஒரு வழியைப் புக்கிக் கடைக்காரர்கள் எனக்குக் காட்டித் தந்திருந்தார்கள். ஆனால் வியாழக்கிழமை இரவில் இருந்து அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. படுத்தால் முட்டியது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. வெள்ளிக்கிழமை காலை, “வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவம்” என்றேன்.

“நாளைக்குப் பிள்ளை வாறான். பாத்திட்டுப் போவம்.”

நான் வற்புறுத்தவில்லை. அம்மாவின் பிடிவாதம் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது முழு உண்மையில்லை. ஆஸ்பத்திரி வார்டில் சனிக்கிழமை மாலை யாரும் குதிரை ஓட்டம் பார்க்க விடமாட்டார்கள் என்று எனக்கும் மனதில் ஓடியது. எனக்கும் அந்த ஓட்டம் வேண்டியிருந்தது. வருடக்கணக்கில் எங்கள் வீட்டில் எதிர்பார்த்திருக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் குதிரைதான் இருந்தது.

சனிக்கிழமை மாலை தம்பி சொன்னபடியே தொப்பியின் விளிம்பைத் தொட்டான். அம்மா நல்ல கையால் போனைத் தொட்டு, “ராசா” என்றார். குதிரை இரண்டாவதாக வந்தது. அரைத் தலை வித்தியாசம்தான். “காணும், பாஸ் தானே?” என்று அம்மா கேட்டார். ஞாயிறு காலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நுரையீரல் முழுக்க நீர். இளம் டொக்டர் ஒருவர் தமிழில்தான் கதைத்தார். “ரெண்டு மூண்டு நாளா மூச்சு வாங்கியிருக்குமே. ஏன் வச்சுக்கொண்டிருந்தனீங்கள்?” என்று கேட்டார்.

அம்மா பதினேழு நாள் வார்டில் கிடந்தார். இரண்டாம் கிழமை கிருமி ஏறியது. அன்று வார்டு வராந்தாவில் நின்று தம்பிக்குப் போன் எடுத்தேன்.

“உடனே வெளிக்கிட்டு வா. நான் சும்மா சொல்லல்ல.”

“லீவு தரமாட்டாங்க அக்கா. சீசன். பாஸ்போட்டும் அவங்கட்டத்தான்.”

“கெஞ்சிக் கேளு. அம்மா எண்டு சொல்லு.”

“கேட்டுப் பாக்கிறன்” என்றான்.

அடுத்த நாள், கேட்டதாகவும் மறுத்துவிட்டார்கள் என்றும் செய்தி அனுப்பினான். நான் அந்த லாயத்துக்காரர்களை வாயில் வந்தபடி திட்டினேன். என்ன மனிதர்கள் என்று வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களிடமும் சொல்லி ஆறினேன்.

அம்மா ஒரு புதன்கிழமை விடியற்காலையில் போனார். மூன்றாவது ஓட்டம் அந்தச் சனிக்கிழமை. பிரேதத்தை மலர்ச்சாலையில் வெள்ளி வரை வைத்திருந்தேன். யாருக்காக வைத்திருக்கிறாய் என்று மாமா கேட்டார். வியாழன் மாலை தம்பி போன் எடுத்து, “அம்மாவ எடுத்திடுங்க அக்கா. விடமாட்டாங்க” என்றான். அவன் அழவில்லை. அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். நான் கொள்ளி வைக்கிறேன் என்றதற்கு, ஆண்பிள்ளை இருக்க நீ ஏன் என்று மாமா தடுத்தார். இருக்கிற ஆண்பிள்ளை எங்கே என்று கேட்டேன். கடைசியில் மாமாவின் மகன் வைத்தான். அம்மாவை அவன் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று அவனுக்கே ஞாபகமில்லை.

சனிக்கிழமை மாலை வீட்டில் தனியே இருந்து மூன்றாவது ஓட்டத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். தம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். அன்று புதுக் கோட் கொடுத்திருந்தார்கள். கமரா திரும்பியதும் தொப்பியைத் தொட்டான். யாருக்கு என்று தெரியவில்லை. பழக்கத்தில் கை போயிருக்கலாம்.

குதிரை கடைசி வளைவு வரை முன்னால் நின்றது. பிறகு ஒரு பக்கம் சாய்ந்து ஓடியது. ஓட்டுபவன் அதை இழுத்து நிறுத்திக் கீழே குதித்தான். மற்றக் குதிரைகள் கடந்து போயின. படத்தின் ஓரத்தில் கயிற்றோடு ஒருவன் மைதானத்துக்குக் குறுக்கே ஓடினான். அவ்வளவு வேகமாக அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை.

ஒரு மணித்தியாலம் கழித்து அழைப்பு வந்தது. மூச்சு விட முடியாமல் அழுதான்.

“அக்கா, அவன்ட கால்... முன்னங்கால் எலும்பு வெடிச்சிட்டுது. இனி ஓடமாட்டான் அக்கா.”

நான் போனைக் காதில் இருந்து எடுத்து மேசையில் வைத்தேன். கொஞ்ச நேரம் அது அழுதுகொண்டே இருந்தது. பிறகு துண்டித்தேன்.

ஏப்ரலில் அதே லாயத்தில் வேலை செய்கிற ஒருவர் லீவில் வந்து தம்பி கொடுத்த பார்சலைக் கொண்டுவந்தார். மாளிகாவத்தைக்காரர், நல்ல மனிதர். தேத்தண்ணீர் கொடுத்தேன். அம்மாவின் படத்தைப் பார்த்து வருத்தம் தெரிவித்தார். “என்ன மனிசரப்பா, செத்த வீட்டுக்குக் கூட விடாதவங்க” என்று நான்தான் கதையைத் தொடங்கினேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்படியில்ல அக்கா. அவங்க அந்த விசயத்தில நல்லவங்க. எங்கட வாப்பா மௌத்தானப்ப ரெண்டு நாளைக்குள்ள டிக்கட் போட்டு அனுப்பினாங்க. தம்பி கேக்கல்ல போல. உங்கட உம்மா மௌத்தான விசயம் எங்களுக்கே ரெண்டு கிழமைக்குப் பொறகுதான் தெரியும்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்குப் புரிந்தது. மிச்சத் தேத்தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து போனார்.

அன்றே தம்பிக்கு எடுத்தேன். “நீ லீவு கேட்டியா?” என்று மட்டும் கேட்டேன். பின்னால் எங்கோ தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

“கேட்டா அவன வேற ஆளிட்டக் குடுத்திடுவாங்க அக்கா. அவன் மற்ற ஆக்களோட நிக்கமாட்டான். கடைசி ஓட்டம் முடியட்டும் எண்டு நினைச்சனான். அம்மா அதுவரைக்கும் இருப்பா எண்டு நினைச்சனான்.”

“செத்த பிறகு?”

“செத்த பிறகு வந்து என்ன செய்யிறது? அம்மாவுக்குத் தெரியப் போகுதா?”

அதற்கு ஏசலாம். ஏசுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது. ஆனால் ‘ஓட்டம் முடியட்டும்’ என்பதை அவன் சொன்ன மாதிரியே நானும் ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க மனதுக்குள் சொன்னேனே. அது அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. சொன்னால் அவனுக்கு ஆறுதலாகிவிடும். அந்த ஆறுதலை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஓகஸ்டில் வந்தான். அங்கே வெயிலுக்கு ஓட்டங்கள் இல்லாத மாதம். பதினொரு நாள் நின்றான். அம்மாவின் கட்டிலில்தான் படுத்தான். நான் வேலைக்குப் போய்வந்து சமைத்தேன், அவன் சாப்பிட்டான். ஜிந்துப்பிட்டிக் கோயிலில் அம்மாவின் பெயரில் அர்ச்சனை செய்ய அவன் தனியே போய்வந்தான். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, அந்தக் குதிரையை விற்றுவிட்டார்கள், எங்கே என்று யாரும் சொல்கிறார்களில்லை என்றான். ஒப்பந்தத்தைப் புதுப்பித்து விசா வேலையெல்லாம் ஆனதும் புதுக் குட்டி ஒன்று தருவார்களாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்க்காமல் குழம்புச் சட்டியைக் கழுவப் போனேன்.

“அம்மாட ஒரு வருச ஆட்டத் திவசத்துக்கு வருவியா?” என்று அவன் வெளிக்கிடும் நாள் கேட்டேன்.

“பெப்ரவரியில கஷ்டம் அக்கா. உங்களுக்குத் தெரியும்தானே.”

தெரியும். திவசத்தை நானே செய்தேன். ஐயருக்குச் சொல்லி, வாழையிலை வாங்கி, அம்மாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தேன். மாமாவைக் கூப்பிடவில்லை. அன்று மாலை தம்பியிடம் இருந்து ஒரு வீடியோ வந்தது. கறுப்புக் குதிரை, மூன்று வயது, இரண்டாவது ஓட்டத்தில் மூன்றாவதாக வந்ததாம். இலைகளை எடுத்துப் போட்டு, தரையைத் துடைத்து, கை கழுவிவிட்டு வந்து அதை முழுக்கப் பார்த்தேன். பதில் எழுதவில்லை.