உருளையில் தடவிய எண்ணெய்

எழுபதுகளின் தொடக்கத்தில், தாம்பரத்தில் கார் என்ஜின்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில், என்ஜின் திறனை அளக்கும் டைனமோமீட்டர் என் பொறுப்பில் இருந்தது. தரையில் பதித்த இரும்பு உருளைகள் மேல் காரின் பின்சக்கரங்களை ஏற்றி, வண்டியைச் சங்கிலியால் கட்டி ஓட்டுவோம். உருளையைத் தண்ணீர் பிரேக் ஒன்று இழுத்துப் பிடிக்கும். அந்த இழுப்பு ஓர் இரும்புக் கை வழியாகத் தராசு முள்ளில் தெரியும், அதிலிருந்து முறுக்குவிசை. உருளையின் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் குதிரைத்திறன். தினமும் காலையில் அந்தக் கையில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு, முள் சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டீயே குடிப்பேன். அதில் எனக்குத் திமிர் உண்டு.

என்ஜின் ஃபிட்டர் பல்லாவரத்துக்காரர். எல்லோருக்கும் அவர் பாய். மூன்று வருடமாகத் தற்காலிக வேலை. ஆயுத பூஜை முடிந்ததும் அவர் கட்டிய என்ஜின் ஒன்று உருளை ஏற வேண்டும்; அது தேறினால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

பூஜைக்கு அவரவர் கருவியை அவரவர் துடைத்தார்கள். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். அதற்காக என் மெஷின் மட்டும் அழுக்காக நிற்பதா? எண்ணெய்த் துணியால் உருளைகளைப் பளபளவென்று தேய்த்தேன். பொட்டு வைக்க வந்தவர்களையும் தடுக்கவில்லை.

பாயின் என்ஜின் திறன் குறைவாகக் காட்டியது. மூன்று முறை ஓட்டியும் குறைவுதான். ஸ்டியரிங்கில் இருந்த பாய் எட்டிப் பார்த்தார்.

“சார், வண்டி மீட்டர் காட்ற ஸ்பீடு வேற, உங்க மெஷின்ல அதுக்குக் கம்மியா கீது. இன்னான்னு பாருங்க.”

“கார் மீட்டரை நம்பி நான் வேலை பாக்கல, பாய்.”

அத்தனை பேர் எதிரில் சொன்னேன். சீட்டில் எண்ணை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சாயங்காலமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் பார்த்தால் உருளை மேல் கறுப்பாக ரப்பர் தீற்றல். டயர் வழுக்கியிருக்கிறது, சக்கரம் சுற்றிய வேகத்துக்கு உருளை சுற்றவில்லை. எடைக்கல் தராசைத்தான் சோதிக்கும், நான் தடவிய எண்ணெயை அதற்கு எப்படித் தெரியும்? சலவைச் சோடா கலந்த வெந்நீரில் உருளையையும் டயரையும் கழுவி, அதே காரை ஏற்றினேன். திறன் முழுசாக வந்தது.

புதுச் சீட்டோடு மேனேஜரிடம் ஓடினேன். இதை ஒப்புக்கொண்டால் இதுவரை நான் கொடுத்த சீட்டெல்லாம் சந்தேகத்துக்குள்ளாகும், என் வேலையும் போகும் என்றார். யோசித்துச் சொல்லச் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை. புதுச் சீட்டை அங்கேயே கிழித்துப் போட்டேன், பாவி.

சில மாதம் கழித்து, சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு சைக்கிள் கடையில் பாய் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று பயந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து டீ வாங்கிக் கொடுத்தார்.

“சார், அந்த என்ஜின்ல நான் எங்க தப்பு பண்ணேன்? யோசிச்சிகினே கீறேன், புடிபடல.”

உண்மை வாய் வரைக்கும் வந்தது.

“நீங்க வச்ச வால்வு இடைவெளி கொஞ்சம் கம்மி, பாய்” என்றேன்.

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். “கரெக்ட் சார். அன்னிக்கு அவசரத்துல வச்சேன். என் தப்புதான்” என்றார்.