கறிவேப்பிலை மரத்தடி மண்

கிள்ளானில் நாங்கள் இருப்பது வரிசை வீடு. முன்னால் கார் நிறுத்தச் சிமெண்டுத் தரை. அதற்கும் வேலிக்கும் நடுவே இரண்டடி அகலத்துக்கு மண், அதில் ஒரு கறிவேப்பிலை மரம். போன வருஷம் அந்தத் தரையில்தான் எங்கள் நாய்க்குட்டி பார்வோ கண்டு செத்தது. குடலை அரிக்கும் வைரஸ் அது. நாலே நாள். முதலில் வாந்தி, பிறகு ரத்தமாகப் பேதி. கண்டெய்னர் லோரி ஓட்டும் என் வீட்டுக்காரர் வேலை விட்டு வந்ததும் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதைப் புதைத்த அன்று, வாசலில் தான் உட்காரும் நாற்காலியை மடக்கிப் பின்கட்டில் போட்டார். அப்புறம் வாசலில் உட்காரவே இல்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூச்சோங்கில் இருக்கும் கூட்டாளி வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர், அந்த நாற்காலியை எடுத்துத் தூசி தட்டினார்.

"அவன் பொட்ட நாய் குட்டி போட்டிருக்கு. ஒன்னு நமக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

எனக்கு அரை நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் மண்ணைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் பைப்பைத் திறந்து வாசலைக் கழுவிவிடுவது என் பழக்கம். குட்டி சீக்காக இருந்தபோது இரண்டு வேளையும் கழுவினேன். எங்கள் தரை வேலிப் பக்கமாகச் சரிந்திருக்கும். குட்டி கழிந்தது எல்லாவற்றையும் தண்ணீர் விட்டு அந்த மரத்தடிக்குத்தான் தள்ளியிருக்கிறேன். அதன் மேல் வாசனைத் திரவம் ஒரு போத்தல். நாற்றம் போனால் கிருமியும் போச்சு என்று நினைத்தேன்.

நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். டாக்டரிடம் பேசுவதென்றால் எழுதி எடுத்துக்கொண்டுதான் போவேன். காலண்டர் தாளின் பின்பக்கம் ஏழு கேள்வி எழுதிக்கொண்டு நாய் டாக்டரைப் பார்க்கப் போனேன். சின்ன வயசுப் பெண்.

"நாய் எங்க ஆன்டி?"

"இன்னும் வாங்கல டாக்டர். கேட்டுட்டு வாங்கலாம்னு."

அவள் சிரித்துவிட்டு உட்காரச் சொன்னாள். சிமெண்டை முதலில் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும், அழுக்கின் மேல் பிளீச் வேலை செய்யாது. அப்புறம் ஒரு மங்கு பிளீச்சுக்கு முப்பது மங்கு தண்ணீர். பத்து நிமிஷம் ஈரமாகவே இருக்க வேண்டும், பிறகுதான் அலச வேண்டும். பழைய தட்டு, துணி எல்லாவற்றையும் வீசிவிட வேண்டும்.

"மண்ணுக்கு?"

"மண்ணுக்கு மருந்து இல்ல ஆன்டி. ஒரு வருஷம்கூட உயிரோட கெடக்கும், அதுக்கு மேலயும் இருக்கலாம். வெயில் பட்டா சீக்கிரம் சாகும். நெழல்ல ரொம்ப நாள் இருக்கும். குட்டிக்கு எல்லா ஊசியும் முடியற வரைக்கும் அந்த எடத்துல விடாதீங்க."

எங்கள் மண் முழுக்க நிழல்.

சிமெண்டை அவள் சொன்னபடியே செய்தேன். தண்ணீர் இந்தத் தடவையும் மண்ணுக்குப் போகாமல், பழைய கைலிகளைச் சுருட்டி வேலிப் பக்கம் அணை கட்டி, லோங்காங் சாக்கடைக்குத் திருப்பிவிட்டேன். மங்கு எண்ணும்போது பதினெட்டா பத்தொன்பதா என்று சந்தேகம் வந்து, கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அடுத்த வாரமும் கழுவினேன். அதற்கடுத்த வாரமும்.

"வர்றது குட்டியா, மந்திரியா?" என்றார் அவர்.

மனசு கேட்காமல், டாக்டர் சொல்லியும், மண்ணிலும் பிளீச்சை ஊற்றினேன். பத்து நாளில் மரம் மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பித்தது. வேலிக்கு மேல் கை நீட்டிக் கறிவேப்பிலை பறிக்கும் பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா ஊத்தற இதுக்கு? சாம்பார் நீச்சல் குளம் மாதிரி மணக்குது லா."

அன்று சாயங்காலம் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"குட்டி சீக்கா இருந்தப்ப நான்தான் எல்லாத்தயும் மண்ணுல தள்ளிவுட்டேன். இன்னும் அங்கதான் இருக்கும்."

"தெரியும். நான் காலுல சப்பாத்து போட்டுட்டு நின்னு பார்த்துட்டுத்தானே வேலைக்குப் போனேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எனக்கு மட்டும் என்னா தெரியும்? சுத்தமா வச்சிருக்கான்னு நெனச்சேன்."

குட்டியை ஊசி முடியும் வரை கூட்டாளியிடமே விட்டுவைக்கலாமே என்றேன். முடியாதாம். கூட்டாளி அடுத்த மாதம் பெட்டாலிங் ஜெயாவில் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறார், அங்கே நாய் வைக்க விடமாட்டார்களாம். தாய் நாய்க்கே இடம் தேடிக்கொண்டிருக்கிறாராம்.

"தாய்க்கு ஊசி போட்டிருக்கா?"

"வருஷா வருஷம் போடுவான். அட்டை இருக்கு."

மறுநாள் டாக்டருக்கு ஃபோன் போட்டேன். ஊசி ஒழுங்காகப் போட்ட பெரிய நாய் என்றால் பயம் ரொம்பக் குறைவு, அட்டையைக் கொண்டுவாருங்கள் என்றாள்.

குட்டிக்குப் பதில் தாயையே எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "நாலு வயசு நாய். நம்ம பேச்ச கேக்குமா?"

"கேக்காட்டி போவுது. இன்னொரு தடவ நீங்க குட்டிய மடியில வச்சிட்டு உக்காந்திருக்கறத என்னால பாக்க முடியாது."

அவர் இரண்டு நாள் கழித்துத்தான் கூட்டாளியைக் கூப்பிட்டார். குட்டிகள் வேறு வீடுகளுக்குப் போயின. தாய்க்குப் பால் வற்றி, டாக்டர் அட்டையைப் பார்த்துச் சரி என்ற பிறகு, எங்கள் வீட்டுக்கு வந்தது.

காரிலிருந்து இறங்கியதும், நான் மூன்று தடவை கழுவிய சிமெண்டை ஒருமுறை மோந்து பார்த்தது. பிடிக்கவில்லை போலிருக்கிறது. நேராக மரத்தடிக்குப் போய், மண்ணைப் பறித்துக் குழி பண்ணி, அதில் சுருண்டு படுத்துக்கொண்டது. நான் கையில் பைப்போடு நின்றேன்.

"விடு," என்றார் அவர், நாற்காலியிலிருந்து.

விட்டேன். ஆனால் இப்போதெல்லாம் பைப்பைத் தொடும் முன் பிளாஸ்டிக் பையோடு போய் அதன் பீயை அள்ளுகிறேன். அள்ளும்போது நன்றாகப் பார்க்கிறேன். இரண்டு வாரம் பார்த்தால் போதும் என்றாள் டாக்டர். இது ஐந்தாவது வாரம். சொன்னால் சிரிப்பார்கள் என்று வெளியில் யாரிடமும் சொல்வதில்லை.

காலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கோப்பியைக் கையில் எடுக்காமல் கேட்பார்: "இன்னைக்கி என்னா ரிப்போர்ட்?"

"கெட்டி," என்பேன்.

அப்புறம்தான் குடிப்பார்.