பத்து ஆண்டில் இருபது வயது

லீட்ரிம் பக்கத்தில் வயதைப் பற்றிப் பொய் சொல்லிவிட்டு அசம்ப்டா கீவ்னியிடம் தப்பியவர்கள் கிடையாது. தலைமை ஆசிரியையாக இருந்தபோது, ஐந்து நிரம்பாத பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பியவர். ஓய்வு பெற்றபின் திருத்துவதற்கு ஆள் கிடைக்காமல் முன்னோர்களைப் பிடித்துக்கொண்டார்.

கொள்ளுத்தாத்தா பாட்ஸி நூற்றொரு வயதில் இறந்ததாகக் கல்லறைக் கல் சொன்னது. போட்டிக் குடும்பமான மெகோல்ட்ரிக் வீட்டுக் கிழவரின் கல்லிலோ தொண்ணூற்றொன்பதுதான். ஊரிலேயே நீண்ட ஆயுள் கீவ்னிக்கே என்று மாதா கோயில் சுவரில் பலகை வைக்க ஊர்க்குழுவை நச்சரித்துச் சம்மதம் வாங்கியிருந்தார் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. பேசுவதற்கு நாலு விவரம் வேண்டுமே என்று, இணையத்தில் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் திறந்தார்.

1901இல் பாட்ஸிக்கு ஐம்பத்தாறு வயது. அடுத்தவர் மாட்டை மேய்ப்பவர். எழுதப் படிக்கத் தெரியாது. மனைவி ஹனோரியா, ஐந்து பிள்ளைகள், ஒரு மாமியார், இத்தனை பேருக்கும் இரண்டே ஜன்னல் வைத்த கூரை வீடு. டீச்சருக்குக் கண் கலங்கியது. 1911ஐத் திறந்ததும் கண்ணீர் நின்றுவிட்டது. பாட்ஸிக்கு வயது எழுபத்தாறு. தொழில், முதியோர் பென்ஷன்.

இடையில், அப்போது இந்த ஊரையும் ஆண்டுகொண்டிருந்த லண்டன் அரசாங்கம், எழுபது நிரம்பியவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் என்று அறிவித்திருந்தது. பிறப்புப் பதிவே இல்லாத காலத்தில் பிறந்தவர்களுக்கு வயது என்பது அவரவர் வாயால் சொல்வதுதான். அறுபத்து நாலு வயதுப் பாட்ஸி எழுபதைத் தாண்டித் தாவிவிட்டார். ஆக, 1936இல் செத்தபோது வயது தொண்ணூற்றொன்று.

மாடு வளர்க்கும் சித்தப்பா மகன் மலாக்கியிடம் டீச்சர் புலம்பினார்.

"ராஜா பணத்துல ஆறு வருஷத்தைச் சண்டை போடாம அடிச்சிருக்காரு. அதுக்கே ஒரு பலகை வைக்கலாம் டீச்சர்" என்றான் அவன்.

உண்மையைச் சொன்னால் பலகை மெகோல்ட்ரிக் வீட்டுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால், திருப்பி அனுப்பிய பிள்ளைகளெல்லாம் இன்று பெரியவர்களாகிக் கைதட்டப்போகும் கூட்டத்தில் பொய்க்காரியாக நிற்க வேண்டும். இரண்டு நாள் தூக்கமில்லாமல் கிடந்து, கடைசியில் குழுத் தலைவி டெர்வ்லா மெகோல்ட்ரிக் வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

டெர்வ்லா நிதானமாகத் தேநீர் ஊற்றினாள்.

"எனக்கு அது எப்பவோ தெரியும் டீச்சர். எங்க ஆளு பத்து வருஷத்துல இருபத்திரெண்டு ஏறியிருக்காரு. செத்தப்ப எண்பத்தேழுதான்."

டீச்சர் மனக்கணக்குப் போட்டார். முகம் மலர்ந்தது. "அப்படிப் பாத்தாலும் எங்க பாட்ஸிதான் மூத்தவரு!"

"மூத்தவருதான். ஆனா ஊரே இப்படித்தான் வயசை ஏத்தியிருக்கு. அதை நிரூபிக்கணும்னா கல்லறைத் தோட்டத்துல பாதிக் கல்லுங்களப் பேத்து எடுக்கணும். எங்க கல்லுக்குப் போன வருஷம்தான் புதுசாத் தங்க எழுத்து வெச்சோம்." கேக் தட்டை நகர்த்தினாள். "ஞாயித்துக்கிழமை திரைய யாரு இழுக்கறது?"

உண்மையிலும் ஜெயித்தாயிற்று, பொய்யிலும் ஜெயித்தாயிற்று. இந்தத் திருப்தியில் டீச்சரின் மனச்சாட்சி இரண்டு துண்டு கேக் சாப்பிட்டது.

ஞாயிறன்று திரையை அவரே இழுத்தார். பாட்ஸியின் மாடுகளைப் பற்றியும் இரண்டு ஜன்னல்களைப் பற்றியும் உருகிப் பேசினார். வயதை மட்டும் வாயால் சொல்லவில்லை, பலகை பார்த்துக்கொண்டது. உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் கிட்டே வந்து, அத்தனை நீண்ட ஆயுளுக்கு என்ன காரணம் என்று கேட்டார்.

"மோர்" என்றார் டீச்சர்.