வாசலுக்கு வராத பாட்டில்

எண்டோஸ்கோபி அறை நர்ஸுக்கு, உள்ளே படுத்திருப்பவரைவிட வாசலில் நிற்பவர்களைச் சமாளிப்பதுதான் பெரிய வேலை. என்னைப் போல ஆஸ்பத்திரி வேலையில் காலம் தள்ளும் உங்களுக்கு இது தெரியாததல்ல.

ஊசிக்கு முன்

செல்வி ஸ்ரீராம்புரத்துக்காரர். ஒரு அபார்ட்மெண்டில் சமையல் வேலை. விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், வாந்தி என்று துடித்தவரை அந்த வீட்டு மேடமே காரில் கூட்டி வந்திருந்தார். பித்தக்குழாயில் அடைப்பு; கல்லாக இருக்கலாம், குடலிலிருந்து ஏறிய நாக்குப்பூச்சியாகவும் இருக்கலாம், வாய் வழியாகக் கேமரா குழாயை விட்டு எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

எங்களிடம் ஒரு வழக்கம். எடுத்ததைப் பாட்டிலில் போட்டு வாசலில் இருப்பவர்களிடம் காட்டுவோம். காட்டினால்தான் நம்புவார்கள். முந்தைய நோயாளியின் கல்லை நான் காட்டியதைச் செல்வியும் மேடமும் பார்த்திருந்தார்கள். மயக்க ஊசி போடப் போனபோது செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கல்லுன்னா காட்டுங்க சிஸ்டர். பூச்சின்னா மேடம்கிட்ட காட்டாதீங்க. சமையல்காரி வயித்துல பூச்சின்னா யார் வேலைக்கு வச்சுப்பாங்க?"

திரையில்

பித்தக்குழாய் வாயில் வெள்ளையாக ஒன்று நெளிந்தது. பூச்சிதான். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும். உள்ளே தங்கும் துண்டு மறுபடி சீழ் வைக்கும். டாக்டர் இடுக்கியால் பிடித்து, கேமரா குழாயோடு சேர்த்து மெல்ல வெளியே கொண்டுவந்தார். முழுசாக, உயிரோடு வந்தது. எத்தனை பார்த்தாலும் எனக்கு அருவருப்புதான். அன்று அதைவிட, செல்வி கேட்டுக்கொண்டதை நினைத்துப் பயம்தான் அதிகம். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வழக்கம்போலச் சொன்னார்.

"வாசல்ல காட்டிட்டு வந்துடுங்க சிஸ்டர்."

வாசலில்

பாட்டிலை உள்ளேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு போனேன். அடைப்பு நீங்கிவிட்டது, செல்வி நன்றாக இருக்கிறார், மற்றதை அவரே சொல்வார் என்றேன். மேடம் நல்ல மனுஷிதான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். என் கையையே பார்த்தார்.

"கல்லுன்னா இந்நேரம் காட்டியிருப்பீங்களே."

மறுபரிசோதனை

இந்த முறை செல்வி தனியாக பஸ்ஸில் வந்தார். காய்ச்சல் இல்லை, முகம் தெளிந்திருந்தது. சரியாகக் கழுவாத கீரையிலிருந்து இந்தப் பூச்சி யாருக்கும் வரலாம், மேடத்துக்கே வரலாம். எனக்குக் கோபமாக வந்தது, யார்மீது என்றுதான் தெரியவில்லை. வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்டேன்.

"நல்லா ரெஸ்ட் எடு, நானே கூப்பிடறேன்னாங்க. போனைக் கையிலயே வச்சிருக்கேன் சிஸ்டர்."

அன்றிலிருந்து எங்கள் அறையில் கல்லுக்கும் பூச்சிக்கும் ஒரே மரியாதைதான், இரண்டுமே வாசலைத் தாண்டுவதில்லை.