பத்தா, பதினொன்றா: குழந்தைகளுடன் சாவனதுர்கா

இன்று 2009 மார்ச் 14. எனக்கு எழுபத்து நான்கு வயது, இரண்டு மாதம், ஐந்து நாள். குழந்தைகளுடன் மலையேறிக் கூடாரமடிக்க விரும்பும் பெற்றோர் விவரம் கேட்பதால், 2004 ஜனவரி 24 அன்று போய்வந்ததைப் பதிகிறேன்.

காக்ஸ் டவுனில் எங்கள் தெருப் பெற்றோருக்கு மூன்று நாள் விடுமுறையில் ஓய்வு தேவைப்பட்டது. ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியையான என்னிடம், ஏழு முதல் ஒன்பது வயது வரையான பதினொரு குழந்தைகளை ஒப்படைத்தார்கள். வேன் வாடகை 1,800 ரூபாய், தூரம் 62 கிலோமீட்டர், காலை 6.00க்குப் புறப்பட்டு 8.10க்கு அடிவாரம். வேனின் பின்சக்கரத்தை நான் நம்பவில்லை. கூடார முளைகளையும் நம்பவில்லை. வழிகாட்டி முனிராஜு காரணமின்றிச் சிரித்தார். அவரை அறவே நம்பவில்லை. ஆண்டுதோறும் எங்கள் தெருப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவராம். அதெல்லாம் ஒரு தகுதியா?

8.45க்கு ஏறத் தொடங்கினோம். முன்னே முனிராஜு, பிள்ளைகளுக்குப் பின்னே நான், வெகு பின்னே தண்ணீர் கேனுடன் ஓட்டுநர் செல்வம். சரிவு தொடங்கியதும் முனிராஜு, "ஹத்து, ஹத்து!" என்றார். சென்னையிலிருந்து குடிவந்த எனக்குக் காய்கறிக்கடைக் கன்னட எண்கள் மட்டுமே தெரியும். ஹத்து என்றால் பத்து.

"எல்லாரும் நில்லுங்க! பத்துதானா? இன்னொண்ணு எங்கய்யா?"

"ஏனு அஜ்ஜி? ஹத்து அந்தே!"

பத்து என்றுதான் சொன்னேன் என்கிறார், சிரித்தபடி. பாட்டி என்று வேறு.

குழந்தைகளைக் கீழே இறக்கி, நிழலில் நிறுத்தி எண்ணினேன். பத்து. எட்டு வயது ஜெனி இல்லை. என் சந்தேகம் பலித்ததில் ஒரு கணம் மகிழ்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு இன்னொரு முறை எண்ணினேன்.

செல்வம் மூச்சிரைக்க வந்தார். விஷயம் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ மேடம், ஹத்துன்னா ஏறுன்னும் அர்த்தம். அவரு எண்ணலீங்க, புள்ளைங்கள ஏறச் சொன்னாரு."

முனிராஜு செருப்பை உதறிவிட்டு மேலே ஓடினார். இருபத்தைந்து நிமிடம். வழுக்குப்பாறை ஒன்றின் விளிம்பிலிருந்து ஜெனியை முதுகில் சுமந்து வந்தார். அவள் முழங்காலில் சிராய்ப்பு.

"அவங்க ஏறச் சொன்னாங்க, ஏறுனேன். நீங்கதான் மிஸ், எல்லாரையும் நிறுத்திட்டீங்க."

அன்று மாலை கூடாரம் விழவில்லை. முளைகளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பாதி உயரத்தில் திரும்புங்கள். எவர் எண்ணுவது என்பதை அடிவாரத்திலேயே தீர்மானியுங்கள். எண்களோடு சில வினைச்சொற்களையும் கற்றுப் போங்கள். வழிகாட்டியாக முனிராஜுவை அழைக்கலாமா என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அழையுங்கள்.

வழிகாட்டிக்கு எண்ணத் தெரியாததால் பிள்ளை தவறிப்போனாள் என்று ஜெனியின் தாயிடம் சொன்னது நான். செல்வம் பக்கத்திலேயே நின்றார், வாய் திறக்கவில்லை. அதன் பிறகு எங்கள் தெருவில் எவரும் முனிராஜுவைக் கூப்பிடவில்லை.