ஒலி எழுப்பக் கூடாத வளைவு

கொட்டச்சேட்டு நிறுத்தத்தில் மகளோடு காலை பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். வண்டி தாமதமாக வந்தது. கண்டக்டர் கீழே இறங்கி, "பெரியசாமியண்ணன் போயிட்டாருங்க அம்மிணி. நேத்துச் சாயங்காலம், அதே வளைவுல" என்றார்.

மாரமங்கலம் பஸ்ஸை ஓட்டிய பெரியசாமி அண்ணனை உங்களுக்கெல்லாம் தெரியும். ஒரு மாதம் கழித்துத்தான் எழுதுகிறேன். அன்றே எழுதியிருந்தால் வெறும் வசையாக இருந்திருக்கும். இன்றும் அது பெரிதாகக் குறைந்துவிடவில்லை.

வளைவுக்கு முன் ஹாரன் அடித்து, எதிரிலிருந்து பதில் வருகிறதா என்று காது கொடுத்து, அதன் பிறகு திரும்புவது நம் மலையில் யாரும் எழுதி வைக்காத சட்டம். சீசன் நெரிசலைச் சீர்செய்கிறோம் என்று கீழேயிருந்து வந்தவர்கள் ஒரு போக்குவரத்துத் திட்டம் போட்டார்கள். ஒண்டிக்கடை சந்திப்பில் கார் நிறுத்த இடம், ஒருவழிப் பாதை, எல்லாம் காகிதத்தில் அழகு. கூடவே, விருந்தினர் விடுதியை ஒட்டிய குருட்டு வளைவில் 'ஒலி எழுப்பாதீர்' என்று ஒரு பலகையும் நட்டார்கள். சமவெளிக் கடைவீதிக்குப் போட்ட விதியை அப்படியே தூக்கி வந்து பாறை முனையில் வைத்துவிட்டார்கள். வந்து தங்குகிறவர்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டுமாம்.

அண்ணன் முதல் நாளே பலகைக்கு நேராக பஸ்ஸை நிறுத்தி நீளமாக ஹாரன் அடித்தார். விடுதிக் காவலாளி ஓடி வந்தார்.

"ஏனுங்க, படிக்கத் தெரியாதா?"

"எனக்குத் தெரியுமுங்க. பாறைக்கு அந்தப் பக்கம் வர்ற லாரிக்கு என்னைத் தெரியோணுமில்ல?"

பஸ்ஸே சிரித்தது. அடுத்த வாரம் மெமோ வந்தது. கல்லூரியில் படித்தவள் என்று பதில் எழுத என்னிடம் கொண்டு வந்தார். நான் பயந்தவள். 'இனி இவ்வாறு நடக்காது' என்று எழுதினேன். படித்துப் பார்த்தவர் காகிதத்தைத் திருப்பித் தந்தார்.

"இனியும் நடக்குமுன்னு எழுது, கண்ணு."

"வேலை போயிருமுங்கண்ணா."

"உன்ற புள்ள முன் சீட்டுல உக்காந்து வருது. வேலைய நெனச்சுக்கிட்டு நான் வண்டியத் திருப்பறதா?"

அந்த வரியை அடித்துவிட்டு அவர் சொன்னபடியே எழுதினேன். அவரைச் சமவெளித் தடத்துக்கு மாற்றினார்கள்.

வார விடுமுறை நாளில் அவர் தூங்கியிருக்கலாம். மலையேறி வந்து, கண்டக்டர்கள் ஊதும் விசில் ஒன்றோடு அந்த வளைவில் நின்று வண்டிகளை நிறுத்தி அனுப்பினார். "போலீசுல சேந்துட்டீங்களாட்ட இருக்குது?" என்று கேலி பேசினார்கள். "ஆமாங்க, மாமூல் வாங்காத போலீசு" என்றார்.

அவர் போன அந்தச் சாயங்காலம், அவர் விசில் கேட்டு, ஏறி வந்த பஸ் நின்றது. மேலிருந்து ஒரு வேன் ஹாரன் இல்லாமல் இறங்கியது. பஸ்ஸைத் தவிர்க்கத் திரும்பி அவர்மேல் ஏறியது. பஸ்ஸில் ஒருவருக்கும் கீறல் இல்லை. "போர்டு இருந்துச்சுங்க, அதனாலதான் அடிக்கலீங்க" என்று வேன் டிரைவர் அழுதானாம். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. சொன்னபடி கேட்டவன் அவன். 'சாலையில் கவனமின்றி நின்றவர்' என்று அறிக்கை எழுதினார்களே, அந்தக் கையை நான் பார்க்க வேண்டும். அந்த மலையில் கவனத்தோடு நின்றது அவர் ஒருவர்தான்.

பலகை இன்னும் அங்கேயே நிற்கிறது. போன திங்கட்கிழமை புது டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, ஹாரனிலிருந்து கையை எடுத்தார். மகள் முன் சீட்டில் இருந்தாள். நான் எழுந்துவிட்டேன்.

"அடிங்க."

"மெமோ குடுப்பாங்கம்மா. எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க."

"இந்தப் பஸ்ஸுல இருக்கறதெல்லாம் யார் ஊட்டுப் புள்ளைங்க? அடிக்காம வண்டி நகரக்கூடாது."

பின்னாலிருந்து கொய்யாக் கூடைக்காரம்மா, "அடிச்சுத் தொலையப்பா, விடுதிக்காரங்க தூங்கினா தூங்கறாங்க, எந்திரிச்சா எந்திரிக்கிறாங்க!" என்றார். பஸ் முழுக்கச் சத்தம். டிரைவர் ஹாரனை அடித்தார்.

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. பெரியசாமி அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது. தினமும் காலையில் அந்த வளைவில் அதைச் செலவழிக்கிறேன்.