றொசானாவின் சிவப்பு வாளி

மாலை ஐந்தரைக்குக் குழாயைத் திறந்தால், ஐந்து வாளிகளும் நிரம்பும்வரை றொசானா யாருடனும் பேசமாட்டாள். சிவப்பு வாளி குடிக்கவும் சமைக்கவும். நீலம் உடுப்புக்கு. ஒன்றின் தண்ணீர் இன்னொன்றில் தெறித்தாலே முகம் கறுத்துவிடும். ஒருநாள் நான் தெரியாமல் சிவப்பு வாளியில் துவாயை அலசிவிட்டேன். "ஐயோ ஜெயமதியக்கா, பழுதாக்கிப் போட்டீங்கள்!" என்று புத்தம் புது வாளியைக் குப்பையில் போட்டு, அடுத்த நாளே வேறொன்று வாங்கினாள். அவளுடைய ஆட்களின் வழக்கம் அது.

சுலோவாக்கியாவிலிருந்து வந்தவள்; அங்கே ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்ட ரோமா இனத்துப் பெண். இங்கே சென்ட் லோரன்ட் பகுதியில் எங்கள் வீட்டுக்கு எதிர்க் கதவு. ஜான்-டலோன் சந்தையில் எங்கள் பெண்களோடு தக்காளி அடுக்கி அடுக்கியே தமிழைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு முன்னால் என் மகள் தமிழில் திக்குவதைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

"அங்க எங்கட குடியிருப்புக்குப் பக்கத்திலதான் ஊர்க் குப்பை எல்லாம் கொட்டுவினம். இருநூறு பேருக்கு ஒரு பைப். அதுவும் ஒரு மணித்தியாலம். ரோட்டுக்கு அங்கால, மற்ற ஆக்களின்ர பூக்கண்டுக்கு நாள் முழுக்கத் தண்ணி!" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். இங்கே எந்நேரமும் தண்ணீர் வருமே என்றால், "நிண்டாப் பிறகு என்னக்கா செய்யிறது?" என்பாள்.

இந்தக் கோடையில் எங்கள் கட்டடத்துத் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. கட்டடச் சொந்தக்காரர் "குடிக்கலாம், குடிக்கலாம்" என்றார். நாங்கள் கொதிக்கவைத்துக் குடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தோம். "இஞ்சையுமோ? நான் விடமாட்டன்" என்று றொசானா அந்தத் தண்ணீரைச் சிவப்பு வாளியில் பிடித்து, பஸ் ஏறி, அதை மடியில் வைத்துக்கொண்டு நகரசபைக் கூட்டத்துக்குப் போனாள். துணைக்கு நான். கட்டடச் சொந்தக்காரரும் வந்திருந்தார். வாளியிலிருந்து ஒரு கிளாஸில் தண்ணீர் அள்ளி அவர் முன்னால் வைத்து, தன் உடைந்த பிரெஞ்சில், "குடித்துக் காட்டுங்கள், ஐயா" என்றாள். அவர் கிளாஸைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். தொடவில்லை. மண்டபமே சிரித்தது. குழாய்களை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது.

நேற்றுக் குழாய் மாற்றும் வேலை முடிந்தது. ஐந்தரைக்கு வாளிச் சத்தத்தைக் காணோமே என்று எட்டிப் பார்த்தேன். றொசானா வாளிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் வாசல் மேப்பிள் கன்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். கடைசியாகச் சிவப்பு வாளியைத் துடைத்து என் கையில் தந்தாள்.

"வைச்சிருங்கோ அக்கா. துவாய் மட்டும் அலசாதைங்கோ."

பிறகு என்னைத் தன் குசினிக்குள் இழுத்துப்போய்க் குழாயைத் திறந்தாள். பளிச்சென்று வந்த தண்ணீரை இரண்டு கைகளிலும் ஏந்தி, ஒரு மிடறு குடித்து, குழாயை இறுக்கி மூடினாள்.